சிவப்புக் கட்டம்

தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி மேசையில் இறங்கிய வேகத்தில் தக்ஷிகாவின் போன் இரண்டாகப் பிளந்தது. இனி இவள் யாரையும் கூப்பிட முடியாது என்று ஆண்டியப்பனுக்கு நிம்மதியாக இருந்தது.

ஹட்டன் பஸாரில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது அந்தச் சின்ன ஆபீஸ். அடிபடும் பெண்கள் கணினி வழியாகவே பொலிஸுக்கு முறைப்பாடு அனுப்ப, தக்ஷிகா அங்கே ஒரு படிவம் செய்து வைத்திருந்தாள். ஆண்டியப்பனின் பெண்டாட்டி ஜீவராணி முந்தாநாள் அந்தப் படியேறியதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கையை முறித்தும் இவளுக்குப் புத்தி வரவில்லையே என்று, டயகம தோட்டத்திலிருந்து கத்தியோடு பஸ் ஏறிவிட்டான்.

"எம்மேல அவ போட்ட எண்ட்ரிய அழி. இல்லாட்டி ஒனக்குக் கழுத்து இருக்காது."

எழுந்து ஓடப் பார்த்தவளின் வாயிலேயே ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. பெண்பிள்ளைகளை அடக்குவதில் ஐயாவுக்கு நல்ல தேர்ச்சி, எல்லாம் வீட்டிலேயே பழகியது.

தக்ஷிகா பக்கத்தைத் திறந்தாள். விறகுக்கட்டை, சுடுதண்ணீர், முறிந்த கை என்று ஜீவராணி சொன்னதெல்லாம் வரிசையாக நிரம்பிக் கிடந்தது. ஒரே ஒரு கட்டம் மட்டும் நிரப்பாமல் சிவப்பாக இருந்தது. இவ்வளவையும் கக்கிவிட்டாளே என்று அவனுக்கு வெறி ஏறியது. தக்ஷிகாவின் தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான்.

நெற்றி புடைக்க நிமிர்ந்தவள், அழிப்பதாகச் சொன்னாள். ஆனால் ஆளைச் சரிபார்க்காமல் இது அசையாதாம், அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர் வேண்டுமாம்.

தோட்டத்து ஆபீஸ் ஜன்னலில் கேட்டதையெல்லாம் ஒப்பித்துப் பழகிய வாய் அது. "வீரய்யா ஆண்டியப்பன்."

சிவப்பு மறைந்தது. உடனே கீழே இன்னொரு கட்டம் முளைத்தது. ஒன்றை நிரப்பினால் அடுத்தது தானாக வரும்படிதான் எழுதியிருப்பதாக அவள் சொன்னாள். அவசரத்தில் அவன் அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்றை விட்டுவிட, கட்டம் ஏற்க மறுத்தது. கத்தியை அவள் கழுத்தில் அழுத்திக்கொண்டே மறுபடி ஒழுங்காகச் சொன்னான். அதற்கடுத்த இரண்டு கட்டங்களுக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. கத்தியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தானாகவே தட்டினாள்.

"அழிஞ்சிருச்சா?"

"போயிருச்சுண்ணே."

அப்படியும் மனசு ஆறாமல் திரையைத் தூக்கித் தரையில் அடித்தான். கண்ணாடி அறையெங்கும் தெறித்தது. அவளையும் ஒரு வெட்டு வெட்டிவிட்டே போவது என்று கத்தியை ஓங்கியபோது படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

கத்தியோடு ஒருவன் இந்த ஆபீஸிலேயே நிற்பதாக வந்த முறைப்பாட்டைப் பார்த்து ஓடிவந்த பொலிஸ்காரர்கள் இரண்டு பேர் அவனைக் குப்புறத் தள்ளினார்கள். கத்தி பிடித்த கை மேல் ஒரு பூட்ஸ் ஏறியதும் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. கண்ணாடித் தூளில் கன்னம் அழுந்தக் கிடந்தபடி அவன் பல்லைக் கடித்தான்.

"கட்டுன பொண்டாட்டியே எம் பேரச் சொல்லி மாட்டிவிட்டுட்டாளே, பாவி."

தக்ஷிகா வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புருஷன் பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறைஞ்சிரும்னு, அக்கா சொல்லவே மாட்டேன்னுட்டாங்கண்ணே."