செடிக்கு வைத்த தண்ணீர்

கலியம்மாளின் வாய்க்குப் பெரம்பலூரில் அந்தத் தெருவே பயப்படும். ஒரு வாரமாக அவள் திட்டுவது ஒரே விஷயத்துக்குத்தான். ரோஜாத் தொட்டிகளுக்கு வைத்த தண்ணீரை யாரோ திருடுகிறார்கள். குடம் அப்படியே திரும்பி வந்துவிடும், தண்ணீர் மட்டும் இருக்காது.

"செடித் தண்ணியக்கூட விட்டு வைக்காத ஜென்மம் உருப்படுமா?"

மாடியில் குடியிருந்த கண்ணையனுக்குச் சங்கடமாக இருந்தது. அவர் குன்னத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். யோசனை சொன்னதே அவர்தான். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறார்கள், அந்தக் குளோரின் செடிக்கு ஆகாது, காலையில் பிடித்து வெயிலில் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் ஆவியாகிவிடும் என்றார். மறுநாளே இரண்டு குடங்கள் கொல்லைக்குப் போய்விட்டன. வாய் அகலமான அண்டாவில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகுமே என்றதற்கு மட்டும் கலியம்மாள் மசியவில்லை.

கண்ணையனின் சந்தேகமெல்லாம் பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் மேல். கலியம்மாளுக்கு ஓரகத்தி. பாகப்பிரிவினையில் குழாய் இந்தப் பக்கம் வந்துவிட, அந்தப் பக்கத்துக்குக் கிடைத்தது உப்புக் கிணறு. அதில் பருப்புகூட வேகாது. அன்றைக்கு நின்ற பேச்சுவார்த்தை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று வாத்தியார் முடிவு செய்தார். தெருவில் அவள் மானம் போகும், போகட்டும். தப்பு தப்புதானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கலியம்மாள் சாப்பிட்டுவிட்டுக் கொல்லை வாசலில் பாயை விரித்துப் படுத்தாள். கண்ணையன் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்றார். சற்று நேரத்தில் இரண்டு கொல்லைக்கும் நடுவிலிருந்த வேலிப் படல் விலகியது. சின்னம்மாள் உள்ளே வந்து நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

வாத்தியார் பாய்ந்தார். வேட்டி பின்னால் இழுத்தது. தூங்கிக்கொண்டிருந்த கலியம்மாள் வேட்டி நுனியைப் பிடித்திருந்தாள்.

"சும்மா இருங்க சார். போவட்டும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பின்ன? அந்த வூட்டுப் புள்ளைங்க உப்புத் தண்ணியவா குடிக்கும்? செடிக்கு அரிசி கழுவுன தண்ணி போதும்."

அண்டாவை யாரும் இடுப்பில் தூக்கிப் போக முடியாது என்பது வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கூப்பிட்டுக் குடுத்துடலாமேம்மா. எதுக்குத் தினமும் அவ்வளவு திட்டு?"

கலியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"ரோசக்காரி சார். குடுத்தா வாங்க மாட்டா. ஒரு நா நான் திட்டலைன்னாலும், தெரிஞ்சேதான் வைக்கிறேன்னு புரிஞ்சிக்கிட்டு மறுநா வராம நின்னுடுவா."