ரத்னாவின் ஆறு பிள்ளைகள்

"ஆறா?" என்று கேட்ட சந்திரகலாவுக்கு எரிச்சலை அடக்க முடியவில்லை.

"ஆமாம்மா. மூத்தவனுக்கு அஞ்சு வயசு. அப்பால ரெண்டு வாட்டி ரெட்டை. மடியில கீறது கடைசி" என்றாள் ரத்னா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பழவேற்காடு ஏரியோரக் குப்பம் அது. எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சி நேரம். குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, தாய் வேலைக்குப் போனால் பிள்ளைகள் என்ன சாப்பிடுகின்றன என்று ஆராய்ச்சி செய்ய, சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து ஜீப்பில் வந்திருந்தாள் சந்திரகலா. எந்த ஊரில் பால்வாடி திறப்பது என்று சர்க்கார் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

காலையிலிருந்து அவள் ஏறி இறங்காத வீடில்லை. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். சின்னப் பிள்ளைகளே கிடையாதாம். கொடியில் மட்டும் உள்ளங்கை அகலச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

பிள்ளைக் கணக்குக் கேட்டு ஜீப் வந்தால், பெற்றவர்களைக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று குப்பம் முழுக்க வதந்தி. சந்திரகலா படித்துப் படித்துச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகளே இல்லாத ஊருக்குப் பால்வாடி எதற்கு என்று எளாவூர்ப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள் என்றும் சொன்னாள். ஒருத்தரும் நம்பவில்லை. போன மாதம்தான், தாய் மீன் விற்கப் போயிருந்த நேரம், ஒரு குழந்தை தவழ்ந்துபோய் ஏரியில் விழுந்து பிழைத்திருந்தது. அதையும் மறைத்துவிட்டார்கள்.

கடைசியில், "என் ஊட்டுக்கு வாங்கம்மா" என்று தானாகக் கூப்பிட்டவள் இந்த ரத்னா ஒருத்திதான். வந்து பார்த்தால் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு பட்டாளமே நிற்கிறது.

"பெத்துப் போட்டா போதுமா? நீ மீன் கூடையைத் தூக்கிட்டுப் போனா இதுங்களை யாரு பார்க்கறது? உனக்கே வெட்கமா இல்லை?"

"அதுக்குத்தாம்மா எழுதிக்கினு போகச் சொல்றேன்" என்றாள் ரத்னா, தலையைக் குனிந்துகொண்டு.

இப்படியும் ஒரு பொறுப்பில்லாத பொம்பளையா என்று சந்திரகலா வழியெல்லாம் பொருமினாள். ஆனால் ஆறு பச்சைப் பிள்ளைகளை விட்டுவிட்டு மீன் விற்கப் போகும் அந்தத் தாயைப் பற்றித்தான் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினாள். அதைப் படித்த பெரிய அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் குப்பத்துக்கே பால்வாடி கிடைத்தது.

மறு வருஷம் ஆபரேஷன் பயம் அடங்கியிருந்தது. பால்வாடி திறந்த அன்று சந்திரகலாவும் வந்தாள். எங்கெங்கிருந்தோ முளைத்த பிள்ளைகளெல்லாம் வயிறு முட்டக் கஞ்சி குடித்ததைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாள்.

சாயங்காலம் காலிக் கூடையோடு தாய்மார்கள் வந்தார்கள். ரத்னாவின் மூத்தவன் ஓடிப்போய்க் குப்பம்மாளின் இடுப்பில் ஏறிக்கொண்டான். ரெட்டைகளில் ஒன்று அஞ்சம்மாளிடம் போனது, இன்னொன்று வேறு யாரிடமோ போனது. அன்று மடியில் இருந்த கடைசியையும் ஒருத்தி வாங்கிக்கொண்டு நடந்தாள்.

ரத்னா மட்டும் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் பிள்ளைங்க எங்கே ரத்னா?" என்றாள் சந்திரகலா, குழப்பத்தோடு.

"பெத்தவங்கல்லாம் பயந்துக்கினு ஒளிச்சிட்டாங்கம்மா. அதான் எல்லாத்தையும் என் புள்ளைங்கன்னு சொல்லிட்டேன். எனக்குத்தான் ஒண்ணுகூடப் பொறக்கலியே, என்னை இட்டுக்கினு போய் இன்னா பண்ணப் போறாங்க?"