போனால்தானே வரலாம்

எல்லா வேலையையும் இயந்திரங்களே பார்த்ததால், திருச்செந்தூர்ப் பக்கம் எந்த வீட்டிலும் யாரும் வேலைக்குப் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஓசூரில் வீட்டுக்கு ஒருவருக்கு இன்னும் வேலை இருந்தது. திருச்செந்தூரிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன வடிவிடம் இதை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை கணவன் மாதேஷ் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் அழுதுவிட்டாள்.

“என்னையப் பிடிக்கலியா அத்தை? விட்டுட்டுப் போயிட்டாவளே!”

“வேலைக்குப் போயிருக்கான்மா. சாயங்காலம் வந்துடுவான்” என்று சிரித்தாள் மாமியார்.

வடிவு நம்பவில்லை. வாசலிலேயே நின்றாள். ஆறு மணிக்குத் தெருமுனையில் மாதேஷ் கையசைத்தான். பிறந்த ஊரில் யாரும் எங்கும் போனதில்லை. அதனால் அவள் யாருக்காகவும் காத்திருந்ததே இல்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

மறுநாள் ஏழு மணிக்கே அவனை உலுக்கி எழுப்பினாள்.

“சீக்கிரம் கிளம்புங்க. போனாத்தான சாயங்காலம் வருவீய!”