அடியில் வைத்த மாவடு

காணாமல் போன விமானத்தின் பயணிகள் ஒவ்வொருவரைப் போலவும் பேச அந்த விமான நிறுவனம் கணினியில் ஒரு குரல் செய்து குடும்பத்துக்குக் கொடுத்திருந்தது. விமானம் ஏறும்வரை அவர்கள் போனில் பேசியதையும் எழுதியதையும் வைத்துச் செய்த குரல். அப்படித்தான் ஆறு வருடமாக ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மருதப்பன் தன் மனைவி வேதவல்லியோடு பேசிக்கொண்டிருந்தார்.

இந்த ஞாயிறு சாப்பாட்டுப் பேச்சு வந்தது.

"நீ கட்டிக்கொடுத்த புளிசாதம் மாதிரி வருமா வல்லி? அடியில மாவடு வேற ஒளிச்சு வச்சிருந்தே. பக்கத்து சீட்டுப் பொண்ணுக்கும் ரெண்டு கொடுத்தேன்."

வேதவல்லி நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே வைத்தாள்.

"சும்மா அடிச்சுவிடுதும்மா" என்றாள் மகள் கயல்.

"புளிசாதத்தை அடிச்சுவிடலாம். மாவடுவை எப்படிடீ?"

அவருக்கு ரத்தக்கொதிப்பு, உப்பே ஆகாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மாவடு வைத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட. விமானம் மேலே கிளம்பாமல் அவர் டப்பாவைத் திறக்கவும் மாட்டார்.

"அப்போ அப்பா போன்..." என்றாள் கயல்.

"கிடைச்சிருக்குடி அவங்களுக்கு. மேல போனப்புறம் அவர் அதுல எழுதிவச்சதும்."

வேதவல்லி குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "சாப்பிட்டு முடிச்சீங்க. அப்புறம் என்னங்க ஆச்சு?"

"அப்புறம் ஜன்னல் வழியா பார்த்தா..."

இணைப்பு அறுந்தது.

அடுத்த ஞாயிறு சரியாகப் பதினோரு மணிக்கு அழைப்பு வந்தது. அவள் முதலில் மாவடுவைத்தான் கேட்டாள்.

"எந்த மாவடு?" என்றார் மருதப்பன். "எனக்குத்தான் உப்பு ஆகாதே, வல்லி."