பெட்டம்பர்க் தாண்டினால்

"இது எங்க நாடு. எங்க பாஷையில பேசு."

மேடம் வைடர்ட் போட்ட சத்தத்தில், லக்சம்பர்க் ஸ்டேஷன் பக்கத்து ரொட்டிக் கடையே திரும்பிப் பார்த்தது. கடை மூடுகிற நேரம்.

கவுண்டரில் நின்ற பிரெஞ்சுக்காரப் பெண் ஒரியான் செய்த குற்றம் இவ்வளவுதான். ஆபீஸ் முடிந்து வந்த அந்தம்மா, பாதி ரொட்டியை வெட்டித் தரச் சொல்லி லக்சம்பர்க் பாஷையில் கடகடவென்று கேட்டார். கடைசி வார்த்தை இவளுக்கு நழுவிவிட்டது.

"மன்னிக்கணும் மேடம், பிரெஞ்சுல சொல்றீங்களா?"

அந்தம்மாவுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் சொல்ல மாட்டார்.

"நான் ஏன் சொல்லணும்? காலைல ரயில் ரயிலா வந்து இறங்குறீங்க. சாயங்காலம் எங்க காசை அள்ளிக்கிட்டு பிரான்ஸுக்கு ஓடுறீங்க. எல்லை தாண்டி வர்ற கூட்டம்."

"நாங்க வரலேன்னா உங்களுக்கு யாரு மேடம் ரொட்டி சுடுறது? ஆஸ்பத்திரில யாரு ஊசி போடுறது?"

வாயைக் கொடுத்தது வினையாகிவிட்டது.

"கூப்பிடு உன் முதலாளிய."

முதலாளி ஜோஸ் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"இவ இங்க நின்னா, நான் இனிமே இந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன்."

பழைய வாடிக்கை. ஜோஸ் தன் கையாலேயே ரொட்டியை வெட்டிக் கட்டி, காசு வாங்காமல் கொடுத்து அனுப்பினார். பிறகு ஒரியானின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நாளையிலேருந்து வரவேண்டாம்மா. எனக்கு வியாபாரம் நடக்கணும்."

அவள் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேள்வி கேட்க நாதி இல்லை. வேலை முடிந்து தினமும் வகுப்புக்குப் போய் அவள் அந்தப் பாஷையைப் படித்துக்கொண்டிருந்தாள். அதை அவர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

பிரான்ஸ் போகும் ரயிலில் நெரிசல். இருந்த ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. நிமிர்ந்தால், எதிர் சீட்டில் மேடம் வைடர்ட், மடியில் அந்த ஓசி ரொட்டியோடு.

லக்சம்பர்க் நாட்டுக்குள் ரயிலுக்குக் காசு கிடையாது, டிக்கெட் கேட்பாரும் இல்லை. எல்லைக்கு முந்தின கடைசி ஸ்டேஷன் பெட்டம்பர்க். அதைத் தாண்டிப் போகத்தான் டிக்கெட் வேண்டும்.

பெட்டம்பர்க் வந்தது. அந்தம்மா எழுந்திருக்கவில்லை.

எல்லை தாண்டியதும் பரிசோதகர் வந்தார். ஒரியான் பாஸைக் காட்டினாள்.

"உங்க டிக்கெட் மேடம்?"

அந்தம்மா லக்சம்பர்க் பாஷையில் ஏதோ சொன்னார்.

"புரியல. பிரெஞ்சுல சொல்லுங்க. இது பிரான்ஸ்."

அந்தம்மா முகம் சிவந்தது. பிரெஞ்சு அருவியாகக் கொட்டியது.

"ரயில்னா இலவசம்னே பழகிப்போச்சு சார். போன வாரம்தான் எல்லைக்கு இந்தப் பக்கம், எத்தாஞ்சுக்குக் குடிவந்தேன். எங்க ஊரு வாடகை என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகல."

"அப்ப நீங்களும் தினம் எல்லை தாண்டுறவங்கதானா? நாளைக்கே பாஸ் எடுத்துடுங்க."

எத்தாஞ்ச் வந்தது. ஒரியானுக்கும் அதுதான் ஊர். எழுந்தவள், அந்தம்மாவைப் பார்த்து லக்சம்பர்க் பாஷையில், திக்கித் திக்கி, ஆனால் பிழையில்லாமல் சொன்னாள்:

"ஸ்டேஷனுக்கு எதிர்லயே ரொட்டிக் கடை இருக்கு மேடம். உங்க பாஷை அங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அதுக்காக உங்கள யாரும் துரத்த மாட்டோம்."