மரநாயின் ஒயின் அறை

வீட்டிலேயே ஒயின் அறை அமைக்க மரநாய்க்கு ஆசை வந்தது. பெருச்சாளியைக் கூட்டாளியாகச் சேர்த்துக் குழி தோண்டவைத்து, பானை நிறையத் திராட்சைச் சாற்றை இறக்கியது.

"ஒரு வருஷம் யாரும் தொடக்கூடாது. அப்புறம் ஆளுக்குப் பாதி."

ஆனால் பக்குவம் பார்க்க வேண்டாமா? பெருச்சாளி வெளியே போகும்போதெல்லாம் மரநாய் ஒரே ஒரு வாய் நக்கிப் பார்த்தது. பாதிப் பானை தீர்ந்து, நாக்கு எட்டாமல் போனதும் நியாயமாக நிறுத்திக்கொண்டது.

வருஷம் முடிந்து பார்த்தால், பானை சுத்தமாகக் காலி! மரநாய் கோபமாகத் திரும்பியது. பெருச்சாளி மீசையிலிருந்து வால்வரை ஊதா நிறத்தில் நின்றது. அது மரநாயின் மூக்கையே உற்றுப் பார்த்தது.

மரநாய் மூக்கை அவசரமாகத் துடைத்துக்கொண்டது. "குழி ஆழம் பத்தலடா தம்பி."

"ஆமாண்ணே, மண்ணு குடிச்சிருச்சு. இன்னும் ரெண்டு முழம் தோண்டிடுறேன்."