பிரசவ வார்டின் சாட்சி

“அழுகை வந்தா அடக்காதீங்க மேடம். செனட்டர் முன்னாடி ரெண்டு சொட்டு விழுந்தா நமக்கு லாபம்தான்” என்று சொல்லி, வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை வெர்லீனின் கையில் திணித்தான் கைல்.

வாஷிங்டனில், செனட்டரின் அறைக்கு வெளியே இருவரும் காத்திருந்தார்கள். மருத்துவமனை முதலாளிகள் சங்கத்துக்காக அரசியல்வாதிகளிடம் பேசிக் காரியம் சாதிப்பதுதான் கைலின் பிழைப்பு. ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும் அவனுக்கு. ஆனால் நோயாளிகளின் நலன் என்று தொடங்கினால் மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவான்.

வெர்லீன், நெப்ராஸ்காவில் டார்ஸ்பி என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரியில் முப்பது வருடமாக நர்ஸ். சங்கத்தின் பழைய இதழில், பச்சைக் குழந்தையை ஏந்திச் சிரிக்கும் அவருடைய படத்தைப் பார்த்துத்தான் கைல் ஃபோன் போட்டான். அதற்கு மேல் எதையும் விசாரிக்க அவனுக்குத் தோன்றவில்லை. முகம் நன்றாக இருந்தது, போதாதா?

“மறுபடி சொல்றேன். பிரசவ வார்டு இருக்கிற எல்லா ஆஸ்பத்திரியிலயும் ராத்திரி பகலா ஒரு டாக்டர் இருக்கணும்னு மத்திய அரசு விதி கொண்டு வருது. சின்ன ஊருக்குக் கட்டுபடியாகுமா? வார்டை இழுத்து மூட வேண்டியதுதான். நீங்க அதைச் சொன்னாப் போதும்.”

“டாக்டர் இருந்தா நல்லதுதானே?”

“நல்லது கெட்டதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். கடைசியா எப்ப பிரசவம் பாத்தீங்க?”

“போன மாசம். நெடுஞ்சாலை ஓரமா, கார் பின்சீட்ல. பனி கொட்டுது. குழந்தை பொழச்சுது. ரத்தப்போக்கு நிக்காம அந்தப் பொண்ணு போயிட்டா. இருபத்திரண்டு வயசு.”

கைல் பதறிப்போனான். “ஐயையோ, அந்தப் பேச்சை மட்டும் உள்ள எடுத்துடாதீங்க! டாக்டர் வேணும்னு செனட்டரே கிளம்பிடுவாரு.”

வெர்லீன் ஒன்றும் சொல்லாமல் அவனையே பார்த்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் கைல். மற்றவர் மௌனத்தைத் தனக்குச் சாதகமாகப் படிப்பதில் அவன் கெட்டிக்காரன்.

உள்ளே நெப்ராஸ்கா செனட்டர் ஆஸ்ட்ராண்டர் பேனாவைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். விதியை எதிர்க்கும் கடிதத்தை அவர் பெயரில் சங்கமே எழுதி வைத்திருந்தது. கையெழுத்துப் போடும் சிரமம் மட்டும்தான் அவருக்கு.

“டார்ஸ்பியா! நம்ம ஊராச்சே! தேர்தலப்ப அங்க கறி அடைச்ச ரன்ஸா ரொட்டி தின்னது இன்னும் நாக்குலயே நிக்குது. கிழக்குப் பக்கம் ஒரு ஏரி இருக்குமே?”

“ஏரி கிடையாதுங்க.”

“அப்ப அது வேற ஊரு.” சிரித்தார். கைலும் கூடவே, கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

செனட்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். முகத்தில் கவலையை வரவழைத்தார். “சொல்லுங்கம்மா. இந்த விதி வந்தா உங்க பிரசவ வார்டை மூடிடுவாங்களா?”

“மூட மாட்டாங்க ஐயா.”

கைலின் சிரிப்பு அப்படியே உறைந்தது. “மேடம் கொஞ்சம் பதட்டத்துல...”

“நீ சும்மா இருப்பா” என்ற செனட்டர், பேனாவைக் கீழே வைத்தார். “ஏம்மா, நிச்சயமாத் தெரியுமா?”

“மூணு வருஷம் முன்னாடி, எந்த விதியும் வராமலே மூடிட்டாங்க.”